பாலாவிக் கரையும் யோசேவாஸ் முனிவரும்

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிப் புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையில், புத்தளம் நகரை அடைவதற்குச் சில மைல் முன்னதாக அமைந்த சிற்றூர் பாலாவி. இங்கே சாலை இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று நேரே புத்தளத்துக்குச் செல்லும். மற்றது மேற்கே திரும்பி, ஒருபுறம் களப்பும் மறுபுறம் பெருங்கடலுமாக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலத்தின் வழியே தலவிலவுக்கும், அதற்கப்பால் கற்பிட்டிக்கும் செல்லும். பங்குனி மாதத்திலும், ஆடி ஆவணி மாதங்களிலும், பாயும் பானையும் பிள்ளை குட்டிகளுமாகப் பல்லாயிரம் மக்கள் இச்சந்தியைக் கடந்து தலவிலப் புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு யாத்திரை போவர். தமிழரும் சிங்களவரும் அவர்களுள் அடங்குவர். கத்தோலிக்கர் மட்டுமன்றி, பௌத்தரும் சைவரும் நேர்த்திக்கடன் செலுத்த வருவதுண்டு.

பாலாவி என்ற பெயரைக் கேட்டதும் மன்னார்ப் பகுதியில் திருக்கேதீச்சரத்தை அடுத்துள்ள பாலாவித் தீர்த்தம் நினைவுக்கு வருதல் இயல்பே. தேவாரத்தில் ஓதப்பெறும் பாலாவி அதுவேயாகும். புத்தளத்துப் பாலாவி அத்தகைய பாடல் பெற்றதன்று. உப்பளங்களாலும் சாலைச் சந்தியாலும் அறியப்படும் எளிய ஊர் அது. எனினும் இவ்வூரை உள்ளடக்கிய களப்புக் கரை, இலங்கைக் கிறித்தவ வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயத்துக்கு நிலைக்களமாயிற்று. ஆட்சியின் துணையும் படையின் காவலும் இன்றி, குருமாரும் கோவில்களும் அற்ற காலத்தில், எளிய மக்களின் இல்லங்களிலே ஒரு விசுவாசம் எவ்வாறு உயிர் வாழ்ந்தது என்பதும், மொழியாலும் நாட்டாலும் அயலவரான ஒருவர் அம்மக்களுக்கு எவ்வாறு உறவினரானார் என்பதும் அந்த அத்தியாயத்தின் பொருளாம்.

இக்கரையின் முதற் செல்வம் உப்பு. களப்பின் உவர்நீரை ஆழமில்லாப் பாத்திகளில் தேக்குவர். வெயிலும் காற்றும் அந்நீரைச் சுண்டச் செய்யும். பாத்தி மாற்றிப் பாத்தியாக நீரைப் பாய்ச்சப் பாய்ச்ச உவர் மிகுந்து, இறுதிப் பாத்தியில் வெண்மணிகளாக உப்பு விளையும். அதனை வாரிக் குவித்துக் கிடுகால் மூடி வைப்பர். காலமல்லாக் காலத்து மழை ஒன்று பெய்துவிட்டால் பல நாள் உழைப்பு ஒரே இரவில் கரைந்து போகும். புத்தளம் என்னும் பெயரே உப்புத்தளம் என்பதன் திரிபு என்று கூறுவாரும் உளர். மலைநாட்டுக் கண்டி இராச்சியத்துக்கு உப்பு இன்றியமையாத பொருள். கடலோரத்திலிருந்து பொதிமாடுகளின் முதுகில் ஏற்றப்பட்டுக் காட்டு வழிகளூடாக அது மலை ஏறிற்று. ஆகவே புத்தளத்தையும் கண்டியையும் இணைத்த வழி வணிகர் நன்கறிந்த பழைய வழியாகும்.

பழமையிலும் இக்கரை குறைந்ததன்று. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அராபியப் பயணி இபுனு பதூதா, தாம் கரையிறங்கிய பட்டினத்தைப் பத்தாலா என்று குறிப்பிட்டுள்ளார். ஆங்கே ஆரியச் சக்கரவர்த்தி தம்மை வரவேற்றதாகவும் எழுதியுள்ளார். அப்பட்டினம் புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம் வணிகரும் கலந்து வாழ்ந்த இப்பகுதிக்குப் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வந்தனர். அவர்களோடு கத்தோலிக்க சமயமும் வந்தது.

அச்சமயம் வந்த முறையை மறைத்துக் கூறுதல் வரலாற்றுக்கு அழகாகாது. மெய்யான பற்றினால் மதம் மாறியவர் பலர். 1544ஆம் ஆண்டில் மன்னாரில் யாழ்ப்பாண மன்னனின் ஆணையால் உயிர் துறந்த கிறித்தவர்கள் அதற்குச் சான்று. ஆனால் பதவியை விரும்பியும், வரிச்சலுகையை நாடியும், ஆள்வோரின் சினத்துக்கு அஞ்சியும் மாறியவர்களும் இருந்தனர். வாளும் சிலுவையும் ஒரே கப்பலில் வந்து இறங்கியபோது, இவற்றுள் எதனைக் கண்டு மக்கள் தலைவணங்கினர் என்பதைப் பிரித்தறிதல் அரிது. அந்த வாள் ஒடிந்த பின்னரே அவர்தம் உள்ளம் எத்தகையது என்பது வெளிப்பட்டது.

1656ஆம் ஆண்டில் கொழும்பும், 1658ஆம் ஆண்டில் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. களப்பின் வாயிலில் உள்ள கற்பிட்டியும் அவர்களுடையதாயிற்று. அங்கே அவர்கள் கட்டிய கோட்டை இன்றும் நிற்கின்றது. ஒல்லாந்தர் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். போர்த்துக்கேயரின் சமயத்தைப் பின்பற்றுவோர் அந்நாட்டின் உளவாளிகளாகக்கூடும் என்று அவர்கள் அஞ்சினர். எனவே கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டனர். குருமாருக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரண தண்டனை என்று 1658ஆம் ஆண்டில் கட்டளை பிறந்தது. கோவில்கள் சீர்திருத்தச் சபையின் ஆலயங்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன.

ஒல்லாந்தர் ஆட்சியில் பாடசாலைதோறும் தோம்பு எனப்படும் பதிவேடு வைக்கப்பட்டது. பிறப்பும் திருமணமும் அதில் பதியப்பெற்றன. அப்பதிவு இல்லாதவனுக்குச் சட்டப்படியான திருமணமில்லை. தந்தையின் நிலத்தில் உரிமை நாட்டுவதும் கடினம். ஆதலின் கரையோரக் கத்தோலிக்கன் பகலில் பாடசாலைக்குச் சென்று பிள்ளையின் பெயரைத் தோம்பில் எழுதுவித்தான். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு அதே பிள்ளைக்குச் செபமாலை சொல்லக் கற்றுக்கொடுத்தான். இதனை இரட்டை வாழ்வு என்று இகழ்வது எளிது. ஆயினும் நிலத்தையும் குடும்பத்தையும் காக்க வேண்டிய ஏழைக் குடியானவன், தன் உள்ளத்தையும் காத்துக்கொள்வதற்குக் கண்ட வழி அதுவாயிருந்தது.

இவ்வாறு முப்பது ஆண்டுகள் கழிந்தன. ஒரு தலைமுறை குருவானவரின் முகம் காணாமலே பிறந்து வளர்ந்து மணமுடித்தது. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகும் தறுவாயில் அவஸ்தைப் பூசுதலும் இல்லை. எஞ்சியவை பாட்டிமார் மனப்பாடமாக வைத்திருந்த செபங்களும், பெட்டிக்கடியில் ஒளித்து வைத்த சுருபங்களும், பிறந்த குழந்தைக்கு வீட்டிலுள்ளோரே கொடுத்த ஞானஸ்நானமுமே. கல்வியும் பதவியும் இல்லாத தாய்மாரே அக்காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கத் திருச்சபையின் தூண்களாக நின்றனர் என்றால் மிகையாகாது.

இச்செய்தி கோவாவை எட்டியது. கோவாவிலே கொங்கணி பேசும் கிறித்தவக் குடும்பம் ஒன்றில் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பிறந்தவர் யோசேவாஸ். பெனோலிம் அவர் பிறந்த ஊர். சாங்கோலே அவர் தந்தையாரின் ஊர். 1676ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்ற அவர், 1681 முதல் 1684 வரை கன்னட நாட்டுக் கரையில் பணியாற்றினார். பின்னர்க் கோவாவில் இந்தியக் குருமார் சிலர் கூடி வாழ்ந்த துறவற இல்லத்திற் சேர்ந்து, அதன் தலைவரானார். புனித பிலிப்பு நேரி வகுத்த ஒழுங்கைத் தழுவிய அந்த இல்லமே கோவா ஒரட்டோரியன் சபையாக வளர்ந்தது. ஐரோப்பியரின் துறவுச் சபைகள் இந்தியரை எளிதில் சேர்த்துக்கொள்ளாத அக்காலத்தில், முழுமையும் இந்தியரால் ஆன அச்சபை தனிச்சிறப்புடையது.

ஐரோப்பியக் குருவானவர் ஒருவர் இலங்கையின் கரையில் காலடி வைத்தால் அவர் நிறமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓர் இந்தியரோ கூலியாளைப்போல உடுத்து மக்களோடு மக்களாக நடமாடலாம். இதனை உணர்ந்த யோசேவாஸ், 1686ஆம் ஆண்டில் கோவாவை விட்டுப் புறப்பட்டார். யோவான் என்னும் பணியாள் ஒருவர் மட்டுமே அவருக்குத் துணை. அந்தணர் மரபில் தோன்றிய அவர் வெறுங்காலோடு கந்தை உடுத்து நடந்தார். 1687ஆம் ஆண்டில் தூத்துக்குடியிலிருந்து படகேறி, பெருந்துன்பங்களுக்குப் பின் யாழ்ப்பாணத்தை அடைந்தார். அடைந்தபோது வயிற்றுக்கடுப்பு நோயால் நடக்கவும் இயலாத நிலை. இரக்கமுள்ள ஒரு பெண் கொடுத்த கஞ்சியே அவர் உயிரைத் தாங்கிற்று என்று அவருடைய வரலாறு கூறும். மறைபரப்ப வந்தவர் முதன்முதலாக அந்நாட்டு மக்களிடம் பெற்றுக்கொண்டது ஒரு சிரட்டைக் கஞ்சி. கொடுப்பதற்கு முன் ஏற்கக் கற்றார் என்பது கருதத்தக்கது.

உடல் தேறியபின் அவர் செய்த செயல் எளியது, ஆயினும் நுண்ணியது. கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை ஏற்றார். செபமாலையைக் கண்டும் காணாதார் போல இருந்தவர் பலர். கண்ட மாத்திரத்தில் முகம் மாறியவர் சிலர். அச்சிலரை அடையாளம் கண்டு, ஆராய்ந்து தெளிந்த பின்னரே தாம் குருவானவர் என்பதை மெல்ல வெளிப்படுத்தினார். மூன்று பத்தாண்டுகளாகக் காத்திருந்தவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டபோது அடைந்த உணர்ச்சியைச் சொற்களால் அளவிட முடியாது. சில்லாலை முதலிய ஊர்களில் இரவில் வீடுகளிலே திருப்பலி நிகழ்ந்தது. தமிழையும் அவர் கற்றுத் தேர்ந்தார்.

செய்தி பரவவே ஒல்லாந்த அதிகாரிகள் விழிப்படைந்தனர். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், செபத்துக்கெனக் கூடியிருந்த கத்தோலிக்கரை யாழ்ப்பாணத்துப் படைவீரர் சூழ்ந்து பலரைப் பிடித்தனர். குருவானவர் தப்பினார், ஆனால் மக்கள் தண்டனை அடைந்தனர். தம்மால் பிறர் துன்புறுவது கண்டு, அவர் தெற்கு நோக்கிப் பயணமானார். 1690ஆம் ஆண்டில் புத்தளத்தை அடைந்தார்.

புத்தளத்தின் அரசியல் நிலையை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். களப்பின் வாயிலிலுள்ள கற்பிட்டியில் ஒல்லாந்தரின் கோட்டை. களப்பின் உட்கரையிலுள்ள புத்தளத்தில் கண்டி மன்னரின் ஆணை. ஒரே நீர்ப்பரப்பின் இரு கரைகளில் இரண்டு அரசுகள். கற்பிட்டியில் குருவானவருக்கு மரணம். படகில் சில மணி நேரம் பயணம் செய்தால் சென்றடையும் புத்தளத்தில் அக்கட்டளை செல்லாது. பௌத்த மன்னரின் ஆட்சிக்குட்பட்ட அவ்விடத்திலே கத்தோலிக்கர் அச்சமின்றி மூச்சுவிட முடிந்தது. கிறித்தவ அரசின் கொடுமைக்குத் தப்பிய கிறித்தவக் குருவுக்குப் பௌத்த நாடு புகலிடம் ஆயிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அதற்கு முன்னும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. 1626ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் தம் ஆள்புலத்திலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, கண்டி மன்னர் செனரத் அவர்களை ஏற்றுக் கிழக்குக் கரையில் குடியேற்றினார்.

புத்தளத்தைச் சூழ்ந்த ஊர்களிலே யோசேவாஸ் முனிவர் பணியாற்றினார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், நீண்டகாலம் குருவானவரின்றி இணைந்து வாழ்ந்தோரின் திருமணங்களை ஒழுங்குபடுத்தினார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், நோயாளிகளைச் சந்தித்தார். ஒருகால் குருவானவர் மீண்டும் இல்லாது போனாலும் நம்பிக்கை அழியாதிருக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. எனவே ஊர்தோறும் மக்களுள் தக்கவரைத் தேர்ந்து பொறுப்பளித்தார்.

இந்த ஏற்பாடு அவருக்குப் பின்னும் ஒரட்டோரியன் குருமாரால் வளர்க்கப்பெற்றது. ஊர்க் கத்தோலிக்கரின் தலைவர் மூப்பர் எனப்பட்டார். பிள்ளைகளுக்குச் செபமும் ஞானோபதேசமும் கற்பித்து, ஞாயிறுதோறும் கூட்டுச் செபத்தை நடத்தியவர் அண்ணாவியார். ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுத்தலும், சாவோர் அருகிலிருந்து செபித்தலும், இறந்தோரை அடக்கம் செய்தலும் இவர்தம் கடமை. குருவானவர் ஆண்டிற்கு ஓரிரு முறையே வருவார். மற்றைய நாள்களில் ஊரின் சமய வாழ்வை நடத்தியவர்கள் மீனவரும் உழவரும் தொழிலாளருமே. ஞானக் காரியத்தைத் தனி வகுப்பாரின் உடைமையாகக் கருதாது, வலை இழுக்கும் கையிலும் மண்வெட்டி பிடிக்கும் கையிலும் ஒப்படைத்தமையே அப்பணியின் வெற்றிக்கு முதற்காரணம்.

1692ஆம் ஆண்டில் முனிவர் மலைநாடு சென்றார். ஆனால் கண்டியை அடையுமுன்பே, அவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று அரசவையிற் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சு நாட்டுச் சீர்திருத்த சமயத்தார் ஒருவர் மன்னரிடம் கூறிவிட்டார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரின் ஆணைப்படி முனிவர் சிறைப்படுத்தப்பட்டார். சிறையிலிருந்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. சிங்களம் கற்றார். காவல் தளர்ந்தபோது ஒரு குடிசையை எழுப்பித் தேவமாதாவின் பெயரால் ஆலயமாக்கினார். பின்னர், கடும் வறட்சி வந்தபோது முனிவர் வெளியிலே பீடம் அமைத்து வேண்ட, மழை பெய்தது என்றும், அதன்பின் மன்னர் அவருக்கு முழுச் சுதந்திரம் அளித்தார் என்றும் மரபு கூறும்.

மழையைப் பற்றி எவர் எவ்வாறு கருதினும், 1697ஆம் ஆண்டு நிகழ்ந்ததைப் பற்றிக் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. அவ்வாண்டில் கண்டியில் அம்மை நோய் கொடுமையாகப் பரவிற்று. மன்னரும் பிரபுக்களும் நகரை விட்டு அகன்றனர். நோயுற்றோரை உறவினரே காட்டில் விட்டுச் சென்றனர். அப்போது யோசேவாஸ் முனிவரும், அவருடைய சகோதரியின் மகனாரான யோசே கர்வாலோ சுவாமிகளும் நகரிலே தங்கினர். கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று குடிசைகள் அமைத்துக் கிடத்தினர், கஞ்சி காய்ச்சி ஊட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தோரைச் சுமந்து சென்று புதைத்தனர். நோயாளி பௌத்தரா கத்தோலிக்கரா என்று அவர்கள் வினவவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஏற்ற கஞ்சியை அவர் கண்டியிலே திருப்பிக் கொடுத்தார் எனலாம். இப்பணிக்குப் பிறகு அந்நியர் என்ற ஐயம் மக்கள் மனத்திலிருந்து நீங்கிற்று. ஆயிரம் சொற்பொழிவுகளால் ஆகாத காரியத்தை நோயாளியின் படுக்கையருகே கழித்த இரவுகள் ஆக்கின.

1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் முனிவர் கண்டியிலே காலமானார். இலங்கைக்கு வந்தபின் அவர் தம் பிறந்த நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பவில்லை. மேற்றிராணியார் பதவி அவரை நாடி வந்தபோதும் அதனை ஏற்க மறுத்துவிட்டார்.

அவர் தொடங்கிய பணிக்குச் சொல்வளம் சேர்த்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள். 1676ஆம் ஆண்டில் கோவாவைச் சேர்ந்த திவார்த் தீவில் பிறந்து, 1705ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இவர், தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை இயற்றினார். அகராதிகளும் தொகுத்தார். கிறித்துநாதரின் பாடுகளைப் பொருளாகக் கொண்ட வியாகுலப் பிரசங்கம் என்னும் இவருடைய தமிழ் நூல், தலைமுறை தலைமுறையாகத் தவக்காலத்தில் கோவில்களிலும் வீடுகளிலும் இராகத்தோடு வாசிக்கப்பெற்று வந்தது. சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்துக்கும் இவரே தந்தை எனப் போற்றப்படுகிறார். 1742ஆம் ஆண்டில் நீர்கொழும்புக்கு வடக்கேயுள்ள போலவத்தையில் உயிர் நீத்த இவருடைய உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பெற்றது.

தமிழகத்தின் வரலாற்றோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் பயனுடைத்து. 1578ஆம் ஆண்டில் தம்பிரான் வணக்கம் என்னும் தமிழ் நூலை அச்சேற்றிய அன்றிக்கே அடிகளும், மதுரையில் துறவிக்கோலம் பூண்ட தத்துவபோதக சுவாமிகளும், தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் ஐரோப்பியர். அவர்கள் தமிழரின் உடையையும் உணவையும் மொழியையும் முயன்று மேற்கொண்டனர். இலங்கைக்கு வந்த ஒரட்டோரியன் குருமாரோ நிறத்தாலும் வறுமையாலும் மக்களை ஒத்தவர். எனினும் தமிழும் சிங்களமும் அவர்க்கும் அயல்மொழிகளே. அவர்களும் எழுத்தெழுத்தாகக் கற்றே பேசினர். மறைபரப்புவோன் மாணவனாக அமர்ந்தாலன்றி ஆசிரியனாக எழ முடியாது என்பதை இருசாரார் வாழ்க்கையும் உணர்த்துகின்றன.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. கொன்சால்வெஸ் சுவாமிகள் பக்தி நூல்களோடு நிற்கவில்லை. பிற சமயங்களை மறுக்கும் நூல்களையும் எழுதினார். அவை பௌத்தரிடையே மனக்கசப்பை வளர்த்தன என்று வரலாற்றாசிரியர் கருதுவர். ஒல்லாந்தரின் தூண்டுதலும் சேர்ந்தது. 1739ஆம் ஆண்டில் அரியணை ஏறிய சிறீ விசய இராசசிங்க மன்னரின் காலத்தில் குருமார் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர், ஆலயங்களும் அழிவுற்றன. நோயாளிக்குக் கஞ்சி ஊட்டிய கை திறந்த கதவை, வாதத்துக்கு எழுந்த நா ஓரளவு அடைத்தது எனலாம். அயலார் நடுவே சமயப்பணி செய்வோர் எக்காலத்தும் எண்ணிப் பார்க்கவேண்டிய பாடம் இது.

1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கண்டி மன்னர் தம் கடற்கரை முழுவதையும் இழந்தார்; புத்தளமும் ஒல்லாந்தர் கைப்பட்டது. ஆனால் அதற்குள் அவர்களுடைய கட்டளைகளின் கடுமை தளர்ந்திருந்தது. 1796ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வந்தனர். கத்தோலிக்கர்மீது இருந்த சட்டத் தடைகளை 1806ஆம் ஆண்டில் தேசாதிபதி மெயிற்லண்டு நீக்கினார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் மறைந்தும் ஒளிந்தும் வாழ்ந்த சமயம் வெளிச்சத்துக்கு வந்தபோது, போர்த்துக்கேயர் விட்டுச்சென்றதைக் காட்டிலும் உறுதியோடு நின்றது. ஆட்சி கொடுத்ததை ஆட்சி பறிக்க முடிந்தது. பாட்டி கொடுத்ததை எவராலும் பறிக்க இயலவில்லை.

தலவில ஆலயமும் இம்மறைவுக் காலத்தின் நினைவுகளோடு பிணைந்ததாகும். வழிநடந்து களைத்த ஐரோப்பிய ஏழை ஒருவன் மரநிழலில் உறங்கியபோது கனவிலே புனித அன்னம்மாளைக் கண்டான் என்பது ஒரு கதை. புயலில் சிக்கிக் கரையேறிய வணிகன் நேர்ந்துகொண்டு ஆலயம் எழுப்பினான் என்பது மற்றொரு கதை. கதைகள் வேறாயினும் இரண்டிலும் வருபவன் வீடிழந்த வழிப்போக்கனே. இப்போதுள்ள பெரிய ஆலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. இத்தலத்தில் மாளிகையில்லை, மணற்பரப்பிலே கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி, பல நாள் தங்குவதே யாத்திரிகர் வழக்கம். கடலையும் களப்பையும் நம்பி வாழும் மக்களுக்கு, பேரப்பிள்ளையைக் காக்கும் பாட்டியாகப் புனித அன்னம்மாள் தோன்றுவது இயல்பே.

இருபதாம் நூற்றாண்டில் இக்கரையின் மொழிநிலை மாறியது. புத்தளத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடையே தமிழ் பேசி வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, பாடசாலை மொழி சிங்களமாகியபின் மெல்ல மெல்லச் சிங்களத்துக்கு மாறின. தமிழிலே செபித்த பாட்டியும், சிங்களத்திலே செபிக்கும் பேத்தியும் ஒரே வீட்டில் வாழ்ந்த காலம் ஒன்று உண்டு. ஒரு மொழி ஒரு வீட்டைவிட்டு நீங்குவது சிறிய இழப்பன்று. வியாகுலப் பிரசங்கத்தின் தமிழ் ஓசை, அதைக் கேட்டு அழுத கண்கள் மூடியதோடு பல ஊர்களில் அடங்கிப்போயிற்று. யோசேவாஸ் முனிவரும் கொன்சால்வெஸ் சுவாமிகளும் இரண்டு மொழிகளையும் கற்றனர். ஒன்றுக்காக மற்றதை விடும்படி எவரையும் கேட்டாரில்லை.

பாலாவியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் அண்மைக் காலத்தில் மற்றுமொரு பெருந்துயரத்துக்குச் சாட்சியாயின. 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் வீடு வாசல்களை இழந்தனர். அவர்களுள் மிகப்பலர் புத்தளம் பகுதிக்கு வந்து, பாலாவி, கற்பிட்டி முதலிய இடங்களில் கிடுகுக் குடில்களில் தங்கினர். ஆண்டுகள் பல சென்றும் திரும்பிப் போக இயலாதவர் பலர். துரத்தப்பட்டோருக்கு இக்கரை இடம் கொடுப்பது அது முதன்முறையன்று.

யோசேவாஸ் முனிவருக்கு 1995ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் கொழும்பில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டம் அளித்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தார். அன்றே பாப்பரசர் வடக்கேயுள்ள மடு ஆலயத்துக்கும் சென்று, போரினால் துன்புற்ற தமிழ், சிங்கள மக்கள் நடுவே செபித்தார். இலங்கைக்குக் கிடைத்த முதற் புனிதர், இலங்கையிற் பிறவாத ஒருவர் என்பது சிந்தனைக்குரியது.

மலைப்பொழிவிலே இயேசுநாதர் தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்டார். பாலாவி உப்பளங்களில் வேலை செய்வோர்க்கு இவ்வுவமையின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உப்பு குவியலாகக் கிடக்கும்வரை எவர்க்கும் உணவாகாது. சோற்றிலும் கறியிலும் கரைந்து, தன் வடிவை இழந்த பின்னரே அது பயன் தரும். அளவு மிஞ்சினால் உண்ணவும் முடியாது. கோவாவிலிருந்து வந்த அந்த முனிவர் கோட்டை எழுப்பவில்லை, படை நடத்தவில்லை, அரசரின் ஆணையால் எவரையும் மாற்றவில்லை. பிச்சைக்காரராய் வந்து, மாணவராய் அமர்ந்து, செவிலியராய் உழைத்து, மக்களுள் கரைந்தார். அவர் சென்றபின் அப்பணியை ஏற்று நடத்திய மூப்பர்மாரின் பெயர்களும் அண்ணாவியார்களின் பெயர்களும் பெரும்பாலும் ஏடுகளில் இடம்பெறவில்லை. ஆயினும் அந்திவேளையில் விளக்கேற்றிப் பிள்ளைகளை அருகழைத்துச் செபம் சொல்லும் வழக்கம் இக்கரையின் வீடுகளில் இன்னும் நிலைத்திருப்பது, பெயரறியப்படாத அம்மக்கள் விட்டுச்சென்ற முதுசொம்மேயாகும்.